ஒரே ஜோடி பூட்ஸ்

வண்டி கழுவும் கொட்டகையில் அவருக்கு இது பதினோராவது வருடம். காலையிலிருந்து மதியம் வரை அவர், அதற்கு மேல் நெட்டையன். ஆள் இரண்டு, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடிதான். ஒருவர் கழற்றிய சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் கால் உள்ளே போய்விடும். அதை இருவரும் குறையாக நினைத்ததே இல்லை.

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து ஆறு மாதம். தோல் வெள்ளையாக ஊறி நமைத்தது. அடி வைத்தால் நெருப்பை மிதித்த மாதிரி. அவர் நொண்டுவதை முதலாளி பார்த்துவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா களிம்பு எழுதிக்கொடுத்தார். "லேசான அமிலம்தான். செத்த தோல மெல்ல உரிச்செடுக்கும், பூஞ்சையும் கூடவே போயிடும். வெடிச்ச எடத்துல படாமப் போடுங்க, எரியும். நமைச்சல் நின்னாலும் நாலு வாரம் விடக்கூடாது. கால் நல்லா காஞ்சிருக்கணும்."

"என் காலு காஞ்சு பதினோரு வருஷமாச்சும்மா."

வீட்டில் மனைவி பழைய செய்தித்தாளை விசிறியாக மடித்து அவர் காலுக்கு வீசினாள். "என் மூஞ்சியக்கூட நீங்க இவ்வளவு அக்கறையா பாத்ததில்ல. விரலு விரலா எண்ணிப் பாக்கறீங்க!"

இரண்டாவது வாரத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். மூன்றாவது வாரம், அதே இடுக்கில் அதே நமைச்சல். ஒரு நாள்கூட மருந்தை விட்டதில்லை. எங்கே தவறினோம் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அன்று மதியம் பூட்ஸைக் கழற்றி வைத்து நிமிர்ந்தார். நெட்டையன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, பிரஷ் காம்பால் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். கண் பாதி மூடியிருந்தது.

"எத்தன நாளாடா இது?"

"ஒரு வருஷமிருக்கும்ணே. சொறிஞ்சா சொகமா இருக்குல்ல, அதான் வெச்சிருக்கேன்."

அவர் பூட்ஸைப் பார்த்தார். உள்ளே ஈரம் மினுங்கியது. கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கும் உடம்பில் பலம் வேண்டுமே. முதலாளியிடம் போய் இன்னொரு ஜோடி கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா நிக்கறீங்க?" என்றார் முதலாளி. தலையைத் தூக்கவில்லை.

திரும்பி வந்து பையிலிருந்து களிம்பை எடுத்தார். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

"கால நல்லா தொடைச்சிட்டு நீட்டு."

"ஐயய்யோ, நீங்க என் கால..."

"நீட்டுடா. உன் காலு ஆறாம என் காலு ஆறாது."

நெட்டையன் கூச்சத்தோடு நீட்டினான். பிறகு தயங்கிக் கேட்டான். "எத்தன நாள்ணே போடணும்?"

"நாலு வாரம்."

"உங்களுக்கு ஆறு நாள்தானே இருக்கு?"

அவர் அடுத்த விரலைப் பிரித்தார்.