வெண்ணெய்க்காரி வாசலுக்கு ஒரு மரம்

வடக்கே நார்மண்டியிலிருந்து தெற்கே இருந்த இந்தக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகியும், மிரேய்க்கு அந்த ஊரில் வெண்ணெய்க்காரி என்றுதான் பெயர். வாத்துக் கொழுப்பில் வதக்க வேண்டிய உருளைக்கிழங்கை, வந்த முதல் வாரமே வெண்ணெயில் வதக்கிப் பரிமாறிவிட்டாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. இருநூறு பேர் உள்ள ஊரில் யார் வாயை அடைப்பது? அவளும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் யார் வீட்டுப் பசு கன்று போடத் திணறினாலும், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் போய் நிற்பவள் அவள்தான்.

அந்த மார்ச் மாதம் ஊராட்சித் தேர்தலில் மிரேய் உறுப்பினராக ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவர் வாசலில் ஊரார் கூடிப் பைன் மரம் நடுவது அங்கே வழக்கம். கிளைகளைக் கழித்து, உச்சியில் ஒரு கொத்து மட்டும் விட்டு, கொடி கட்டி நிறுத்துவார்கள். வீட்டுக்காரர் விருந்து வைக்க வேண்டும். மே மாதத்துக்குள் மற்ற பத்து உறுப்பினர்கள் வீட்டிலும் மரம் நின்றாயிற்று. மிரேய் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

வெளியே சிரித்தாள், உள்ளே வெந்தாள். ஓட்டுப் போடுவார்களாம், மரம் நடமாட்டார்களாம்! கணவன் ஜெர்மெனிடம் புலம்பினால், பார்க்கலாம் என்று தலையைச் சொறிந்தான். தன்னை இன்னும் வந்தவளாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பால் கறந்துவிட்டு நிமிர்ந்தால், மேட்டில் இருக்கும் தங்கள் சொந்தக் காட்டில் மோட்டார் ரம்பம் அலறுகிறது. மரத் திருடர்கள்தான் என்று வைக்கோல் அள்ளும் கவைக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூச்சிரைக்கப் போய்ப் பார்த்தால் பாதி ஊர் அங்கே நிற்கிறது. மேயர் ஒனோரே ரம்பத்தால் ஒரு பைன் மரத்தின் அடிக்கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். அந்த மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஜெர்மென்.

"நீயுமாய்யா?"

ஜெர்மென் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒனோரேதான் ரம்பத்தை நிறுத்திவிட்டு விஷயத்தை உடைத்தார். ஜெயித்தவர் காட்டிலேயே, அவருக்குத் தெரியாமல் வெட்டுவதுதான் முறையாம். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்தவரிடம் மூச்சு விடமாட்டார், அதில்தான் வேடிக்கையே. ஏப்ரலில் இரண்டு தடவை வந்தார்களாம். திருடர்கள் என்று நினைத்து இவள் இரண்டு தடவையும் நாயை அவிழ்த்து விட்டாளாம்.

வேறு காட்டில் ஒரு மரம் வெட்டி நட்டுத் தொலைத்திருக்கலாமே என்றாள்.

"அதெப்படி மிரேய்?" என்றார் ஒனோரே. "வெளியூர்க்காரனுக்குன்னா எங்கயாவது வெட்டலாம். எங்க ஊருப் பொம்பளைக்கு முறைப்படிதான நடணும்."

மிரேய் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கயிறு கட்டிய மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். நுனி கோணலாக இருந்தது.

"இது கோணல் மரம். ஓடையோரம் ஒண்ணு நிக்குது, அத வெட்டுங்க. மேயர் வீட்டு மரத்தவிட நல்ல ஒசரம்."

கவைக்கோலை ஜெர்மென் கையில் திணித்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.