சூசையப்பர் காலனியின் மூக்கு

கொரட்டூர் சூசையப்பர் காலனி மூன்றாவது தெருவில் நாற்பத்தொரு வீடுகள். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் நூற்று அறுபத்து நாலு மூக்குகள். ஆனால் குடிதண்ணீர் விஷயத்தில் செல்லுபடியானது ஒன்றே ஒன்றுதான். அது ஞானகுமாரியின் முகத்தில் இருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஊதுபத்தி கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வாசனை பார்த்த மூக்கு அது. மல்லிகை என்று எழுதியிருக்கும் டின்னில் மல்லிகைதான் இருக்கிறதா, தாழம்பூவில் மண்ணெண்ணெய் அடிக்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால்தான் லாரி கிளம்பும். மற்றவர்களுக்குச் சளி பிடித்தால் கம்பெனியில் சம்பளம் பிடிப்பார்கள். ஞானகுமாரிக்குச் சளி பிடித்தால் முதலாளியே ஆவி பிடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்.

அந்தத் தெருவுக்கு அடியில் ஒரே பள்ளத்தில் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று குடிநீருக்கு, எண்பத்தாறில் போட்டது. இன்னொன்று சாக்கடைக்கு. பள்ளத்தை இரண்டு தடவை வெட்டுவானேன் என்று யாரோ ஒரு சிக்கனக்காரர் முழம் இடைவெளியில் இரண்டையும் படுக்க வைத்துவிட்டுப் பதவி உயர்வில் போய்விட்டார். ஆரம்பத்தில் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒதுங்கியே இருந்தன. வயதானதும் ஒன்றுக்குத் துருவும் மற்றதற்கு விரிசலும் கண்டு, கலந்து பழக ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வராத நாளில் காலிக் குழாய் சும்மா கிடக்காது. ஓட்டை வழியே பக்கத்தில் இருப்பதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மேலே ரோடு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகும். ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடம். மண்ணுக்குள் கிடக்கும் குழாய்க்கு யார் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது?

ஆகவே தெரு தன் பாதுகாப்பைத் தானே செய்துகொண்டது. தண்ணீர் வரும் நாளில் காலை ஐந்தரைக்கு அவரவர் வாசல் குழாயடியில் குடத்தோடு நிற்பார்கள். முதல் பத்து நிமிஷம் செம்மண் நிறத்தில் வருவதை வழிய விடுவார்கள். பிறகு ஞானகுமாரி தன் வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் பிடிப்பாள். உள்ளங்கையால் மூடி மூன்று குலுக்குக் குலுக்கி, கையை எடுத்து, கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். "புடிங்க" என்றால் நாற்பத்தொரு வீட்டிலும் குடம் நிறையும். "ஊத்துங்க" என்றால் அத்தனையும் செடிக்கும் கக்கூசுக்கும் போகும். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

குடிநீர் வாரிய அலுவலகத்துக்கும் இது வசதியாகவே இருந்தது. மாதம் ஒருமுறை பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வரும் வாரிய ஊழியர் ஜம்புலிங்கம், புட்டியைத் திறக்கும் முன் அவள் வாசலில்தான் வண்டியை நிறுத்துவார்.

"இன்னாக்கா, இன்னிக்கு ஓகேவா?"

"ஓகே சார்."

"அப்ப புட்டிய நிரப்பிக்கிறேன். நீ வேணாம்னு சொன்ன அன்னிக்கு எடுத்தா எனக்கில்ல தலவலி."

இப்படியாக அந்தத் தெருத் தண்ணீர் பரிசோதனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் ஞானகுமாரிக்குக் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். மூக்கு பிழைக்கவில்லை. பதினைந்து நாளில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். மூன்று வருஷமாகியும் அது வீட்டுக்கு வரவில்லை. கற்பூரமும் கருவாடும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் எட்மண்ட் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெனிட்டோ மஸ்கட்டில். கம்பெனியையும் மூடியாகிவிட்டது. காலையில் நாற்பத்தொரு வாசல் அவள் முகத்தையே பார்க்கிற அந்த அரை நிமிஷம்தான் மிச்சம். அதை எப்படி விடுவாள்? கண்ணால் சமாளித்தாள். தண்ணீரில் நுரை நிற்கிறதா, விரலில் பிசுக்கு ஒட்டுகிறதா, நிறம் எத்தனை நிமிஷத்தில் தெளிகிறது என்று பார்த்தே சொன்னாள். ஒரு துளி சந்தேகம் வந்தாலும் "ஊத்துங்க" என்றாள். அதனால் அவள் மூக்குக்கு முன்பைவிடப் பேர் கூடியது.

பக்கத்து வீட்டு ராபியா தையல்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முப்பது வருஷச் சிநேகம். ஒருநாள் ஞானகுமாரியின் அடுப்பில் பால் கரிந்து, புகை சுவர் தாண்டிப் போய், ராபியாதான் ஓடிவந்து அணைத்தாள்.

"ஏன்டி ஞானம், அடுப்பு முன்னாடியே குந்திகினு கீற, தெரியலயா?"

"ஜெபம் பண்ணிகினு இருந்தேன்."

"நல்லா பண்ண. பரலோகத்துக்கே பொகை போயிருக்கும்."

போன நவம்பரில் நாலு நாள் மழை. ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. அதற்கப்புறம் வந்த முதல் தண்ணீர் நாள், செவ்வாய்க்கிழமை. குழாயில் செம்மண்ணே வரவில்லை. முதல் சொட்டிலிருந்து கண்ணாடி மாதிரி தண்ணீர். ஞானகுமாரி குலுக்கினாள். நுரை இல்லை. விரலில் தேய்த்தாள். பிசுக்கு இல்லை. எதிர்வீட்டுச் செல்வகுமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். ஆனால் அவன் அவள் அறிய எந்தக் காலையிலும் முகத்தைச் சுளிக்காமல் நின்றதில்லை. நாலு நாளாக மழைத்தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த தெரு அது. எல்லோர் கண்ணிலும் தாகம்.

"புடிங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு வீட்டில் வாந்தி, பேதி. மற்றவர்கள் ஊசி போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். ராபியாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. உடம்பில் நீர் வற்றியதும் சிறுநீரகம் செயலிழந்தது. அவள் மகன் ஃபஹீம் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

சனிக்கிழமை மதியம் ஃபஹீம் சாப்பிடப் போன நேரத்தில் ஞானகுமாரி கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். ராபியாவின் கையில் ஊசிக் குழல். உதடு வெடித்திருந்தது.

"ஞானம், ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னிக்குக் கொடத்துல புடிக்கசொல்லவே எனக்கு கப்பு அடிச்சிச்சு."

"அப்புறம் ஏன்டி புடிச்ச?"

"நீதான் புடிங்கன்ட்டியே. சரி, என் மூக்குதான் கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சிகினேன். கொரோனால எத்தினி பேருக்குப் போச்சு! எனக்கு லேட்டா போயிருக்கும்னு..."

"ராபி, எனக்குத்தான்டி போச்சு. மூணு வருஷம் ஆவுது."

ராபியா அவளையே பார்த்தாள். பிறகு கண் இடுங்கியது.

"அடிப்பாவி! அப்ப போன பக்ரீத்துக்குச் சட்டிய தொறந்ததும் 'ஆஹா, இன்னா வாசனை'ன்னு கண்ண மூடிகினு சொன்னியே?"

"உன் மூஞ்சிய பாத்து சொன்னேன்."

ராபியா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வயிறு இழுத்துப் பிடித்தது. வலியில் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்சைக் கூப்பிட்டாள். சிரிப்பு அடங்கியதும் ராபியா ஞானகுமாரியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யார் கைலயும் சொல்லிக்கினு இருக்காத. உன்ன கொன்னுடுவானுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவள் மவுத்தாகிவிட்டாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜம்புலிங்கம் ஒரு படிவத்தோடு வந்தார். அதற்குள் அலுவலகம் விரைவாகச் செயல்பட்டிருந்தது. ஆள் செத்தால் மட்டும் அதற்குக் கால் முளைக்கும். தெருவில் பள்ளம் வெட்டி, ஓட்டையான இடத்தில் நாலடிக் குழாயை வெட்டி எடுத்து, புதிதாக நாலடி பொருத்தி மூடியிருந்தார்கள். மீதி அறுநூறு அடி எண்பத்தாறிலேயே இருந்தது.

ஃபஹீம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு ஜம்புலிங்கம் கேட்டார்: "தண்ணில வாடை வந்துதுன்னு யாராச்சும் கம்ப்ளெய்ன்ட் குடுத்தீங்களா?"

செல்வகுமார்தான் முதலில் வாயைத் திறந்தான். "எனக்கு லைட்டா அடிச்சிச்சு சார். ஆனா அக்கா புடிங்கன்னாங்க. அக்காவுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு..."

"எனக்கும் அடிச்சிச்சு" என்றது ஒரு குரல். "எங்க ஊட்லயும்." அப்புறம் இன்னொன்று. ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். நூற்று அறுபத்து மூன்று மூக்குகளும் வேலை செய்திருக்கின்றன. வேலை செய்யாத ஒன்றைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஞானகுமாரி முன்னால் வந்தாள். "எனக்கு வாசனை தெரியாது சார். மூணு வருஷமா. தெரியாம நான்தான் சொன்னேன். அப்படியே எழுதிக்கோங்க."

யாரும் அவளைக் கொல்லவில்லை. கொன்றிருந்தால் தேவலை. ஒருவர் பின் ஒருவராகப் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். ஜம்புலிங்கம் முகத்தில் மட்டும், நீண்ட கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளையின் தெளிவு. பேனாவைத் திறந்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தகுதியற்ற தனிநபர் ஒருவர் தந்த தவறான தகவலை நம்பி, பொதுமக்கள் கவனக்குறைவாக..."

"சார்" என்றான் ஃபஹீம். மூன்று நாளாகத் தூங்காத குரல். "அந்த பைப்பு எப்ப போட்டது?"

"எய்ட்டி சிக்ஸ்."

"நடுவுல எத்தினி தபா பாத்தீங்க?"

ஜம்புலிங்கம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லப்பா."

"மூக்குக்கு மட்டும் கட்டம் கீதா?"

"அது 'இதர காரணங்கள்'ல வரும்."

ஞானகுமாரி கையெழுத்துப் போட்டாள். தமிழில், முழுப் பெயரையும், நிறுத்தி நிதானமாக. போடாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜம்புலிங்கம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது.

வாசலில் அவளும் ஃபஹீமும் மட்டும் நின்றார்கள். அவன் அம்மாவின் தையல் மிஷின் உள்ளே உறை போட்டு மூடியிருந்தது.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். உண்மைய சொல்லணும்."

"கேளுப்பா."

"எல்லாருக்கும் நாத்தம் தெரிஞ்சிகீது. எங்கம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சேவா புடிச்சி எங்களுக்கு ஊத்துனாங்க? கடைசியா நீங்கதான கூட இருந்தீங்க. எதுனா சொன்னாங்களா?"

ஞானகுமாரி அவனைப் பார்த்தாள். ஆமாம் என்றால் பாரத்தில் பாதியை ராபியா சுமப்பாள். ராபியா மறுக்கவும் மாட்டாள். முப்பது வருஷத்தில் எதைத்தான் அவள் பாதி சுமக்கவில்லை? ஆனால் அப்புறம் இந்தப் பையன் தன் தாயை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் குடத்தோடுதான் நினைப்பான்.

"இல்லப்பா" என்றாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியல. நான் சொன்னத நம்பினா, அவ்ளோதான்."

ஃபஹீம் தலையை ஆட்டினான். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது அவன் தோளில் தெரிந்தது. இறங்கியது வேறெங்கும் போகவில்லை. நேராக அவள் மேல் வந்து உட்கார்ந்தது.

"போங்க ஆன்ட்டி" என்றான், மெதுவாக. "இனிமே இங்க வராதீங்க."

அவள் சரி என்றாள். பன்னிரண்டு அடி நடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபஹீம் அழுவது கேட்டது. காது நன்றாக இருந்தது.