நிழல் பக்கத்துக்கு ஓய்வு

2021 ஜூன் மாதக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி: ‘மலையின் நிழல் பக்கத்துக்கு ஆறு மாதம் ஓய்வு. பிறகு வெயில் பக்கத்துக்கு.’ எழுதியவன் நான். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தேன்.

இரசாயன உரத்தை அரசு தடை செய்திருந்த நேரம். ஸ்டோரில் கிடந்த உரம் பாதி மலைக்குத்தான் காணும். தடை எப்போது நீங்குமென்று யாருக்கும் தெரியாது. நிர்வாகிகளுக்கான ஓர் இணைய வகுப்பில் எங்கள் தோட்ட மேலாளரான துரை, ‘யின், யாங்’ என்ற சீனத் தத்துவத்தைக் கேட்டிருந்தார். நிழல் பக்கம், வெயில் பக்கம் என்பதே அச்சொற்களின் ஆதிப் பொருள் என்று நானும் படித்திருக்கிறேன். வருவது தெரியாதபோது ஒரே பக்கம் சாயக்கூடாது, ஒன்று உழைக்கையில் மற்றது ஓய வேண்டும், பிறகு மாற வேண்டும் என்றார் துரை. கேட்க நன்றாக இருந்தது.

நிழல் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் என் அண்ணி இருந்தார். அண்ணன் இறந்தபின் அவர் கொழுந்து பறித்துத்தான் வீடு நடந்தது.

கூட்டத்துக்கு மறுநாள் காலை, பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது அண்ணி கேட்டார்: “தேயிலைக்கு ஓய்வாமே. எங்க வயித்துக்கும் சொல்லிட்டீங்களா, தம்பி?”

“ஒனக்கென்னக்கா, ஆறு மாசம் இழுத்துப் போத்திப் படு” என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள்.

“அப்புறம் உங்க பக்கந்தான், அண்ணி” என்றேன்.

“எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு.”

வயல் ஓய்ந்தால் மண் தேறும். தேயிலையைப் பறிக்காமல் விட்டால் கொழுந்து கம்பாகிவிடும். கவ்வாத்து வெட்டித்தான் செடியை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெட்டிய செடி தளிர்க்க உரம் வேண்டும். கூட்டத்திலிருந்த எல்லோருக்கும் இது தெரியும். அதற்குள் உரம் வந்துவிடும் என்று நம்பினோம்.

தடை நீங்கியது. உரத்தின் விலைதான் எட்டவில்லை. வாங்கிய கொஞ்சமும் வெயில் பக்கத்துக்கே போயிற்று. வருமானம் தரும் பக்கத்தை ஓயவிட யாருக்கும் துணிவில்லை.

நிழல் பக்கத்தில் இப்போது மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. அண்ணி கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறார். போனில் பேசும்போது முதல் வருடம் மட்டும், “எப்பத் தம்பி மாறும்?” என்று கேட்பார். பிறகு கேட்பதில்லை.

அந்தப் பக்கத்தைக் கைவிடுவதென்று துரையின் வகுப்புக்கு முன்பே கொழும்புக் கம்பெனி ஆபீசில் முடிவெடுத்துவிட்டார்கள் என்று, அப்போது தோட்டத்து டிரைவராக இருந்தவர் சொல்கிறார். அவரும் கேள்விப்பட்டதுதான். இன்றுவரை என்னால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை.