இருபதுக்குப் பதினான்கு

சாவகச்சேரிப் பக்கத்தில் யார் வீட்டுக்காவது பிரெஞ்சில் ஒரு கடதாசி வந்தால், அது அன்று பின்னேரமே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பாரிசுக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் போட்டே அந்த மொழியைப் படித்தேன். பிறப்புப் பத்திரம், விவாகரத்துத் தீர்ப்பு, வைத்தியர் எழுதிய துண்டு என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுப்பேன். கீழே முத்திரை குத்திக் கையெழுத்து வைக்க ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. கேட்டால், "அக்கா எழுதினாப் பிழை வராது" என்று சிரிப்பார்.

இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய அரியண்டம் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள்தான். பிரெஞ்சு மொழியில் படித்த பிள்ளைகள் பள்ளிக்கூட முடிவில் 'பக்' என்றொரு சோதனை எழுதுவார்கள். பதினோராம் வகுப்பு ஓ.எல். தாண்டி எழுதும் நம்முடைய ஏ.எல். மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளி நூறுக்கு இல்லை, இருபதுக்கு. பத்து எடுத்தால் சித்தி, பாஸ்தான். பதினான்கு எடுத்தால் 'நன்று' என்று சான்றிதழிலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். பதினாறு எடுத்த பிள்ளையின் வீட்டில் கேக் வெட்டுவார்கள். இருபது எடுத்த பிள்ளையை நான் அங்கே இருந்த காலம் முழுக்கக் கண்ணால் கண்டதில்லை. அங்கத்தைய வாத்திமார் புள்ளி போடும் வழக்கம் அப்படி.

இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தலாமா? கடவுளே! எங்களுக்கு நூறுதான் தெரியும், A தான் தெரியும். சந்திக்குச் சந்தி டியூட்டரிக்காரன் கட்டிய பதாகையில் ஒன்பது A, மூன்று A என்று பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். B எடுத்த பிள்ளைக்கு அதில் முகம் கிடையாது. கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்துகொண்டு பக்கத்து இலைக்காரி அடுத்தவளிடம் கேட்கிறாள், "உங்கடை மகளுக்கு எத்தினை A?" வாயில் வைத்த சோறு எனக்கு ஓங்காளித்துக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட சனம் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான். "அக்கா, உந்தப் பன்ரண்டை ஒரு எண்பதாக்கி விடுங்கோவன். ஆர் பாக்கப்போகினம்?" நான் கடதாசியைத் தூக்கி அவர்களின் மடியிலேயே போட்டுவிடுவேன். "சீ, எழும்பிப் போங்கோ" என்று கேற் வரைக்கும் கலைத்திருக்கிறேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பேர் வந்ததே இதனால்தான். அந்தப் பேரில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

பிறகு என் தம்பி வந்து சேர்ந்தான். பாரிசில் மனைவி செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவனுக்கும் உடம்பு சரியில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தனிய அங்கே விட்டுவர அவனுக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கோ வர விருப்பமில்லை. தாதிப் படிப்புக்கு விட்டால் மட்டும் வருவேன் என்று தகப்பனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பிளேன் ஏறினாள். தாயின் ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து படித்து எழுதிய சோதனை அது. உயிரியலுக்குப் பதினான்கு, பௌதிகமும் இரசாயனமும் சேர்த்துப் பதின்மூன்று, மெய்யியலுக்கு மட்டும் ஒன்பது. மற்றப் பாடங்கள் தூக்கிவிட, மொத்தத்தில் பதினான்கு, 'நன்று'. அந்தப் புள்ளித்தாளை என்னிடம் தந்தபோது அவள் முகத்தில் கிடந்த சந்தோசத்தை நான் பார்த்தேன்.

முதல் தடவை நேர்மையாகத்தான் எழுதினேன். இருபதுக்கு இத்தனை என்று எழுதி, அங்கே புள்ளி போடும் முறையை அடியில் நான்கு வரியில் விளக்கியும் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் தாதிப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த கிளாக்கர் பெடியன் அந்த நான்கு வரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. போனை எடுத்தான், ஒவ்வொன்றையும் ஐந்தால் பெருக்கினான்.

"எழுபது, அறுபத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. ரெண்டு B, ஒரு S, அது வெறும் சித்தி. ஒரு A கூட இல்லையே அம்மா. ஓ.எல். எங்கை?"

"அங்கை ஓ.எல். இல்லைத் தம்பி."

"ஓ.எல். இல்லாமல் எப்பிடி ஏ.எல். எழுதினவ?"

ஊராரைக் கேற் வரைக்கும் கலைக்கிற நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பிள்ளை பக்கத்தில் நின்று, தன் பதினான்கு எழுபதாகிப்போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். விசாரிப்பாம்! "பிரான்சிலை படிச்சும் எழுபதுதானோ?" என்று அவள் காதுபடவே ஒருத்தி கேட்டாள். அந்தச் சனியனுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு தாதிப் பள்ளி இருந்தது. இனி அது ஒன்றுதான். தம்பி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நூறுக்கு மாத்திக் கூட்டி எழுதுங்கோ."

"உனக்கென்ன விசரே?"

"எழுபது எண்டா இதுவும் போயிடும். அவள் திரும்பிப் போறன் எண்டு நிக்கப்போறாள். நான் செத்தா ஆர் அவளைப் பாக்கிறது?"

நான் எழுதினேன். ஊராரைக் கேற் வரைக்கும் கலைத்த அதே ஆள்தான் எழுதினேன். தொண்ணூற்றைந்து என்றால் நம்பமாட்டார்கள் என்று கணக்குப் பார்த்து, உயிரியலுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். மற்றதுக்கு எண்பத்தெட்டு. ஒன்பது போட்ட அந்த மெய்யியல்காரன் மேல் எனக்கு முதலே கோபம், அதனால் அதற்கும் எண்பத்தொன்று போட்டேன். எழுதும்போது சந்தோசமாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. மொழிபெயர்ப்பாளர் வழக்கம்போலப் பார்க்காமலே முத்திரை குத்தினார்.

பிள்ளைக்குச் சொல்லவில்லை. அவள் தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்க மட்டும் எழுத்துக் கூட்ட வேண்டும். அந்தத் தைரியத்தில் இருந்துவிட்டேன். இலக்கம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

நேர்முகத்துக்கு அவளோடு நானே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பொறுப்பாளர் அம்மா ஃபைலைத் திறந்ததும் முகம் மலர்ந்து போனார்.

"தொண்ணூற்றிரண்டு! பாருங்கோ, வெளிநாட்டிலை படிச்ச பிள்ளையள் எண்டா அப்பிடித்தான்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

பிள்ளை எட்டிப் பார்த்தாள். நான் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை மிஸ். எனக்குப் பதினாலு" என்றாள்.

"என்ன பதினாலு?"

அவள் எழும்பி, அடியில் கிடந்த பிரெஞ்சுப் புள்ளித்தாளை இழுத்து மேலே வைத்து விரலால் காட்டினாள். "இருவதுக்குப் பதினாலு. அது நல்ல மார்க்ஸ் மிஸ். இந்தத் தொண்ணூற்றிரண்டு என்ரை இல்லை."

மூன்று பேரும் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் மெல்லச் சிரித்தார். பொறுப்பாளர் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"ஆர் பிள்ளை இதைத் தமிழிலை எழுதினது?"

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். என் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும், குசினிச் சுவரில் சாமான் துண்டு எழுதி ஒட்டுகிறவள் நான்தானே. வாயைத் திற, திற என்று எனக்கு நானே சொன்னேன். திறக்கவில்லை.

"தெரியாது மிஸ்" என்றாள். "அப்பா எங்கையோ குடுத்து எழுதுவிச்சவர்."

தன் புள்ளியில் ஒன்றுகூடக் கூட்டிச் சொல்ல மாட்டாத பிள்ளை, எனக்காகப் பொய் சொன்னாள். நான் பெரிய மனிசி, அதைக் கேட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன்.

"பிறகு அறிவிப்பம்" என்று அனுப்பினார்கள். வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமி, பதினாலு உங்களுக்கு வெக்கமா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். அவள் நம்பவில்லை. கைதடி தாண்டும் வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் காலை சரியான மொழிபெயர்ப்பை எழுதி எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன். பொறுப்பாளர் அம்மா அறையில் தனியே இருந்தார். இருக்கச் சொல்லுமுன்பே சொன்னேன்.

"அந்தத் தொண்ணூற்றிரண்டு நான் எழுதினது. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. தண்டிக்கிறதெண்டா என்னைத் தண்டியுங்கோ, அவளின்ரை இடத்தைக் குடுங்கோ."

திட்டுவார், பொலிசுக்குச் சொல்லுவேன் என்று வெருட்டுவார், ஏன், கதவையே காட்டுவார் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அந்த அம்மா கதிரையில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது தெரியும் அம்மா. எல்லாரும் செய்யிறதுதானே, நாங்கள் என்ன நேற்றுப் பிறந்தவையே? அதைப் பற்றி நான் ஒண்டும் நினைக்கேல்லை."

"அப்ப எடுப்பியளோ?"

"அதுதான் கஷ்டம். நேர்முகத்துக்கெண்டு வெளியிலை இருந்து வந்த ரெண்டு பேருக்கு முன்னாலை பிள்ளை அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. பேசாமல் இருந்திருந்தா நான் அப்பவே கையெழுத்து வைச்சிருப்பன். ஆசுப்பத்திரி வாட்டிலை ஆயிரம் நடக்கும், எல்லாத்தையும் உப்பிடிப் போட்டு உடைக்கிற பிள்ளை இந்த வேலைக்குச் சரிவராது. நீங்கள் வளர்ந்த ஆள், உங்களுக்கு விளங்கும்தானே?"

விளங்கியது. ஒரு தவறும் சொல்லாத மாதிரி அந்த அம்மா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அடுத்த ஃபைலை எடுத்தார். நான் கொண்டுபோன சரியான தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. த்தூ என்று துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். "சரி அம்மா, வாறன்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு மரியாதைக்காரி!

வீட்டில் பிள்ளை கிணற்றடியில் தகப்பனின் சாரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போய் வருகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். இடம் முடிந்துவிட்டதாம் என்று ஒரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சொல்லவில்லை. நான்தான் எழுதினேன் என்று அங்கே சொன்னதை, அந்த அம்மா அதற்குச் சொன்னதை, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அவள் சாரத்தைப் பிழிந்து கொடியில் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்ப உங்களுக்கெண்டு நான் சொன்ன பொய்யும் வீண்தானே, மாமி" என்றாள்.