ஆலப்புழையில் வியாகுலம்மாளின் வரிசை

நான் சொல்லும் கதைகளில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் என் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். இதில் கழிக்க ஒன்றுமில்லை. வேண்டுமானால் அந்தப் புறாவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

புறா விஷயம் இதுதான். என் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் மேட்டுப்பட்டிக் குழாயடியில் நின்று, "யாரு கொடம்டி இது, ரெண்டாவதா நிக்கிது?" என்று ஒரு சத்தம் போட்டால், எங்கள் ஊர் மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து பறக்கும்.

ஜாக்கெட் தைத்தே மகன் கிளெமென்ட்டைப் படிக்கவைத்தவள். ஆனால் தெருவில் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது தையல் இல்லை, தண்ணீர். எப்போதோ ஒருநாள் வரும் தண்ணீருக்கு எங்கள் தெருவில் அடிதடி நின்றதே அவளால்தான். முதல் சுற்றில் வீட்டுக்கு ஒரு குடம். எல்லோரும் பிடித்த பிறகுதான் இரண்டாவது. பிள்ளைத்தாய்ச்சியும் நோயாளியும் இருக்கிற வீடு முன்னால். டிரம் தூக்கி வருகிறவர்கள் கடைசியில். மீறினால் குடம் உருண்டு தெருக்கோடிக்குப் போகும். குடத்துக்காரி அதன் பின்னாலேயே ஓடவேண்டியதுதான்.

கிளெமென்ட்டுக்குப் பெண் பேசிய சமயம். பெண்ணின் அப்பா பிராங்கிளின், ரிட்டையர்டு தலைமையாசிரியர், தெருவுக்குள் நுழைந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தக் குழாயடிச் சண்டைக்காரி வீட்டுலயா என் பொண்ணு வாழணும்?" என்று அவர் யாரிடமோ சொல்ல, அது இவள் காதுக்கு வந்து சேர்ந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மருமகள் பிரிஸ்கில்லாவும் தங்கமான பிள்ளை. அந்தச் சொல் மட்டும் இவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

போன மாதம் கிளெமென்ட் வேன் பிடித்தான். விடியுமுன் கிளம்பி ஆலப்புழை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவது. சம்பந்தியும் வருகிறார். எனக்கும் ஒரு சீட்டு.

"அக்கா, இன்னிக்குப் பூரா நான் சத்தம் போடப்போறதில்ல. அந்த மனுசன் வாயால நல்ல பொம்பளன்னு ஒரு வார்த்தை வரணும்" என்றாள் வியாகுலம்.

"வத்தலக்குண்டு வரைக்கும் தாங்குவியா?"

"பாருங்களேன்."

தாங்கினாள். வத்தலக்குண்டில் டீயில் சர்க்கரையே இல்லை. மடக்கென்று குடித்துவிட்டு உட்கார்ந்தாள். குட்டிக்கானம் இறக்கத்தில் டிரைவர் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பியபோது, 'மாதாவே' என்று அலறியது நான்தான். அவள் ஜெபமாலையை உருட்டினாள், அவ்வளவே.

ஆலப்புழையில் இறங்கியதும் அவளுக்கு வேறு விதமாக வாயடைத்துப்போனது. கண்ணுக்கு எட்டிய மட்டும் நேராக ஓடும் கால்வாய். கரையில் ஓடு வேய்ந்த பழைய சரக்குக் கிட்டங்கிகள், இக்கரைக்கும் அக்கரைக்கும் வளைந்து நிற்கும் நடைபாலங்கள், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு தூங்குமூஞ்சி மரக்கிளைகள். நம் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்குமே, அப்படி அங்கே வாசலுக்கு வாசல் ஒரு படகு.

"இம்புட்டுத் தண்ணி. அடிச்சுக்க ஆளில்லாமச் சும்மா கெடக்கே அக்கா" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

பேசிவைத்த படகுக்குக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. வீடுகளிலிருந்து பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள்.

"கால்வாய்க்கரைக்குத் தண்ணி லாரியா?" என்று பிராங்கிளின் சார் நின்றுவிட்டார்.

பக்கத்திலிருந்த பெட்டிக்கடைக்காரர் பாதித் தமிழில் விளக்கினார். கால்வாய்த் தண்ணீர் வாயில் வைக்க ஆகாது. குழாய் எங்கேயோ உடைந்து சில நாளாகிறதாம். அதற்குள் லாரியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. உயரமான ஒரு பெண்மணி நீல டிரம்மை நடுவில் நுழைத்தாள். நிறைமாதப் பெண் ஒருத்தி குடத்தோடு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

வியாகுலம் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள். முந்தானையை முறுக்கினாள்.

"அத்தை, படகுக்கு நேரமாச்சு" என்றாள் பிரிஸ்கில்லா.

வரத்தான் திரும்பினாள். அதற்குள் டிரம் இடித்து அந்த நிறைமாதக்காரியின் குடம் உருண்டு கால்வாயில் விழுந்தது.

"ஏய்ய்ய்!"

தென்னையிலிருந்து எத்தனை பறவை பறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. லாரிக்காரர் தானாகவே குழாயை மூடினார். வியாகுலம் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

"கொடத்தையெல்லாம் கீழ வைங்கடி! வீட்டுக்கு ஒண்ணு! வைக்கிறியா, நான் வைக்கவா?"

அவர்கள் மலையாளம், இவள் மேட்டுப்பட்டி. ஆனாலும் குடங்கள் கீழே இறங்கின. டிரம்காரி மட்டும் இடுப்பில் கைவைத்து, "நீ ஆரா?" என்றாள்.

"நான் மேட்டுப்பட்டி!" என்றாள் இவள், ஏதோ கலெக்டர் பதவியைச் சொல்வதுபோல. "ஏம்மா, பிள்ளைத்தாய்ச்சிய இடிச்சுட்டு அந்தத் தண்ணி தொண்டையில எறங்குமா ஒனக்கு? சம்பந்தி! சும்மா நிக்காம இந்த டிரம்ம இழுத்துக் கடைசியில வைங்க. நகர விட்டுறாதீங்க!"

பிராங்கிளின் சார் இழுத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டிரம்முக்குக் காவலும் நின்றார். பிரிஸ்கில்லா கரையில் குனிந்து, குடைக்கொக்கியால் அந்தக் குடத்தைக் கரையேற்றினாள். கழுவி, முதல் தண்ணீர் அதற்குத்தான். வரிசை அசைந்து அசைந்து லாரியும் காலியானபோது, ஒரு வீடும் வெறுங்குடத்தோடு திரும்பவில்லை. டிரம்காரிக்கே அரை டிரம் கிடைத்தது. போகும்போது சிரித்துவிட்டுப் போனாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் வியாகுலத்துக்கு நினைப்பு வந்தது. முகம் சுண்டிவிட்டது. "போச்சுக்கா. என் வாயே கெடுத்துருச்சு."

சட்டையெல்லாம் நனைந்து பிராங்கிளின் சார் வந்தார்.

"சம்பந்தியம்மா, சர்வீஸ் பூரா பிள்ளைகளை பிரேயருக்கு வரிசையில நிறுத்தியிருக்கேன். விசில் ஊதாம ஒருநாள்கூட நின்னதில்ல" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நான் உங்க தெருவுல பார்த்தது சண்டை இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. தப்பாச் சொல்லிட்டேன்."

வியாகுலம் எதிர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையாம்.

பேசிவைத்த படகு போய்விட்டிருந்தது. அந்த நிறைமாதப் பெண்ணின் மாமனார் தன் வள்ளத்தை அவிழ்த்தார். பெரிய படகுகள் நுழைய முடியாத கிளைக்கால்வாய்களுக்குள், துவைகற்களையும் வாத்துக்கூட்டத்தையும் தாண்டி எங்களைக் கூட்டிப்போனார். வியாகுலம் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்து பெண்கள் "மேட்டுப்பட்டி! மேட்டுப்பட்டி!" என்று கூப்பிட்டுக் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள், தேரில் போகிற மாதிரி.

திரும்பும் வழியில் குமுளி டீக்கடையில் சம்பந்தி ஆரம்பித்தார்: "இவங்க எங்க சம்பந்தியம்மா. ஆலப்புழையில நாப்பது பொம்பளைங்கள ஒரே அதட்டுல வரிசையில நிறுத்திட்டாங்க!" நான் பார்த்தபோது இருபதுகூட இல்லை. தேனியில் பழம் வாங்கும்போது அது நூறாகியிருந்தது, லாரியும் இரண்டாகியிருந்தது.

வியாகுலம் கூச்சத்தோடு என் தொடையைக் கிள்ளினாள். "நீங்களாச்சும் நிறுத்தச் சொல்லுங்கக்கா."

சொன்னேன். டிரைவரிடம், அடுத்து வரும் செம்பட்டியிலும் ஒரு டீக்கு நிறுத்தச் சொன்னேன்.