கூல்பாரில் பல் கூசியது

யாழ்ப்பாணத்து மார்கழியைக் குளிர் என்று சொன்னால் மலைநாட்டு நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காலை ஏழு மணிக்கு உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் டவுனுக்கு வேலைக்குப் போய்ப் பார்த்தால் அவர்களுக்கும் தெரியும். வாடைக்காற்று வாய்க்குள் புகுந்ததும் என் முன்பற்கள் நான்கும் ஒன்றாகக் கூசும். அந்த மார்கழி முழுக்க அலுவலகத்தில் சுடுதண்ணீர்தான் குடித்தேன்.

குற்றம் என்னுடையதுதான். ஆனால் அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பல் துலக்குவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. கடையில் இருப்பதிலேயே கடுமையான பிரஷாகப் பார்த்து வாங்கி, நாளுக்கு மூன்று தரம் தேய்ப்பேன். போதாக்குறைக்கு, இணுவிலில் இருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், யூடியூப்பில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டு ஒரு கிழமை, ஏழு நாளும், எலுமிச்சைச் சாறான தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பல் வெளுத்ததோ இல்லையோ, கூச்சம் இரண்டு மடங்காகியது.

அம்மா கிராம்பைக் கடிக்கத் தந்துவிட்டு, இதைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்று எச்சரித்தா. பெண்ணுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று தரகர் அடித்துச் சொல்லியிருந்தார். இருபத்தொன்பது வயதில் பல்லிலும் குறை என்றால் யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் கவலை.

எங்கள் பக்கம் இப்போது வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பது குறைவு. கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்து, பிறகு எல்லோருமாகக் கூல்பாருக்கு ஐஸ்கிரீம் குடிக்கப் போவோம். அந்தத் தற்செயலுக்கு இரண்டு வீட்டாரும் பத்து நாள் தொலைபேசியில் பேசியிருப்பார்கள்.

நாங்கள் கூல்பாருக்குப் போன அன்று வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி என் தலைக்கு நேரே இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் அன்பாக எனக்கு ஒரு 'ஸ்பெஷல்' ஐஸ்கிரீம் சொன்னா. மாப்பிள்ளை பலூடா கேட்டார், பரிமாறுபவர் வனிலாவைக் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒரு சொல் சொல்லாமல் அதைச் சாப்பிட்டார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது. சோற்றில் உப்புக் குறைந்தால் மூன்று நாள் கதைக்கிற அப்பாவோடு வளர்ந்தவள் நான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு கரண்டியை அள்ளி வாயில் வைத்தேன். பல்லில் பிடித்த வலி காது வரை போனது. வாயைத் திறந்தால் காற்றுப் படும், மூடினால் ஐஸ்கிரீம் படும். கண்ணால் தண்ணீர் ஓடியது. அந்த நேரம் பார்த்து அவர் என் வேலையைப் பற்றி ஏதோ கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கிளாஸில் மிச்சம் இருந்தது உருகித் தண்ணீராகும் வரை நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் தரகர் அப்பாவுக்குப் போன் எடுத்தார். அவர்கள் மரியாதையான ஆட்களாம். அழுதுகொண்டிருந்த பிள்ளையை வற்புறுத்திக் கட்டிவைக்க வேண்டாம், அவளுக்கு மனதில் வேறு யாரோ இருக்கிறார்கள் போல என்றார்களாம். அப்பா போனை வைத்துவிட்டு, ஆரெண்டு சொல்லு என்று என் முன்னால் நின்றார். அம்மா என் போனை எடுத்து ஒன்றுவிடாமல் தேடினா. அகப்பட்டது தேசிக்காய் வீடியோ மட்டும்தான். இல்லாத காதலனுக்காக இரண்டு நாள் ஏச்சு வாங்கினேன். ஆனால் அந்த ஏச்சைவிட, ஒரு நல்ல மனிதர் கை நழுவிப் போகிறார் என்பதுதான் என்னை உண்மையாகவே அழவைத்தது.

மூன்றாம் நாள் பல் டொக்டரிடம் போனேன். எப்படித் துலக்குகிறாய், செய்து காட்டு என்றா. காட்டினேன்.

"பிள்ளை, இது பல்லு. சட்டியில்லை."

தேய்த்த தேய்ப்பில் முரசு, அதுதான் பல் ஈறு, மேலே ஏறி, பல்லின் அடிப்பக்கம் வெளியே தெரிகிறதாம். அந்த இடத்துக்கு மேற்பூச்சு இல்லாததால் குளிர் நேரே உள்ளே போகிறதாம். மிச்சத்தைத் தேசிக்காய்ப் புளி அரித்துவிட்டதாம். மென்மையான பிரஷ், கூச்சத்துக்கான பற்பசை, காலையும் இரவும் மெதுவாக இரண்டு நிமிடம், துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், அள்ளி அள்ளிக் கொப்பளிக்க வேண்டாம் என்றா. ஸ்கூட்டியில் போகும்போது வாயைத் துணியால் மூடி மூக்கால் மூச்சு விடச் சொன்னா. சில கிழமையில் குறையும், குறையாவிட்டால் திரும்பி வா என்று அனுப்பினா.

டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைப் படமெடுத்து இணுவிலுக்கு அனுப்பச் சொல்லித் தரகரிடம் கேட்டேன். சாதகம் அனுப்புகிற இடத்துக்கு மருந்துத் துண்டு அனுப்புவதா என்று கோபித்தார். எனக்கும் கோபம் வந்தது. அப்பாவின் போனில் இருந்த இலக்கத்தை எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தின் பின்பக்கம் நின்று மாப்பிள்ளையின் தாயாரை நானே அழைத்தேன்.

"அன்ரி, நான் அழேல்லை. என்ரை பல்லுக் கூசினது. ஐஸ்கிரீமாலை வந்த கண்ணீர் அது."

பிறகு முரசு, புளி, பிரஷ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.  அவ இடையில் மறித்தா.

"பல்லை விடுங்கோ பிள்ளை. உங்களுக்கு அவனைப் பிடிச்சிருக்கோ?"

சாதகம் பார்த்தவர் என்னிடம் இதைக் கேட்கவில்லை. தரகர் கேட்கவில்லை. என் வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. 

"ஓம், மாமி," என்றேன்.