நார்மல் சார்

வாசலில் நின்றபடி ஒவ்வொருவர் கைக்கும் நேராகக் கருவியை நீட்டுகிறார். அது கீச்சிட்டதும் திரையைப் பார்த்து, "நார்மல், போ. நார்மல், போ" என்கிறார். முகத்தைப் பார்க்கும் வழக்கமில்லை. உறைந்த காய்கறிகளைப் பொட்டலம் கட்டும் எங்கள் ஆலையில் இவர் தொழிலாளர் நல அதிகாரி. நலத்துக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பதால் 'நார்மல் சார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன் வந்த ஸ்டிக்கர்தான் இவருக்கு உயிர். மேல்கையின் உட்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேட்டரி கிடையாது. கருவியை அருகே கொண்டுபோனால் அதன் அலையிலிருந்தே சக்தி எடுத்து உடம்புச் சூட்டைச் சொல்லிவிடும். "சோறு கேக்காது, லீவு கேக்காது, பொய் சொல்லாது. இதுங்கள மாதிரியா?" என்று வருகிறவர்களிடம் எங்களைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். கருவியின் திரையை மணிக்கொரு தரம் துடைப்பார். மூக்குக் கண்ணாடியில் மட்டும் போன வாரத்து விரல் ரேகை அப்படியே இருக்கும்.

போன மாதம், என்னோடு வேலை செய்யும் அக்கா குளிர் அறையில் இரண்டு மணி நேரம் பெட்டி அடுக்கிவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தார்.

"சார், காய்ச்சல் அடிக்குது. வீட்டுக்குப் போறேன்."

இவர் கருவியை நீட்டினார். "முப்பத்தஞ்சு. நார்மலுக்கும் கீழ இருக்கு. காய்ச்சலாம் காய்ச்சல்."

"குளிர்லேருந்து வந்தா தோலு சில்லுன்னுதான சார் இருக்கும்? கண்ணப் பாருங்க, எரியுது."

"கண்ணப் பாக்க நான் என்ன டாக்டரா? மெஷின் சொல்லிருச்சு. போய் அடுக்கு."

நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். எனக்கும் வேலை வேண்டுமே.

அரை மணியில் அக்கா பெட்டிகளுக்கு நடுவே சரிந்தார். நிமோனியா. எட்டு நாள் ஆஸ்பத்திரி. இவர் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டிக்கர் விற்றவர்களுக்குத்தான் போன் போட்டுக் கத்தினார். குளிரிலிருந்து வந்தவரை இருபது நிமிடம் உட்காரவைத்துப் பிறகே பார்க்க வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது என்றார்களாம். கையேடு உறை பிரிக்காமல் இவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தது.

நேற்று அக்கா வேலைக்குத் திரும்பினார். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. "உக்காரும்மா" என்று நார்மல் சாரே நாற்காலியை இழுத்துப் போட்டார். இப்படி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு ஒரு தாளை முன்னால் தள்ளினார். 'ஸ்டிக்கரை நான் சரியாக ஒட்டிக்கொள்ளவில்லை' என்று அதில் டைப் அடித்திருந்தது.

அக்கா படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நார்மல் சார் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.